செம்பேறிய கம்பி

சாந்தன்பாறை
25.8.1974

அண்ணாவுக்கு,

கமலாத்தாள் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எரு ஏற்ற வந்த லாரியின் டிரைவரோடு நான் வடகரப்பதியை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை. நீங்கள் பேசியதும் நான் பேசியதும் அப்படியே கிடக்கட்டும். இங்கே ஒன்று நடந்திருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஏலக்காய் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் என்று எனக்கு இருப்பது நீங்களும் அண்ணியும்தான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயம் ஆற்றுக்கு ஒரு கரையில் இருக்கிறது. ரோடும், மருந்து ஷெட்டும், மாரியம்மன் கோயிலும் மறு கரையில். நடுவில் ஒரு தொங்குபாலம். இரண்டு கம்பிவடம், அதன்மேல் பலகை, அவ்வளவுதான். கோயில் பக்கத்தில் அந்த வடங்களை இழுத்துப் பிடித்திருப்பது கட்டைவிரல் கனத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள். சிமெண்ட் கட்டைக்குள் புதைத்து நட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கம்பிகள் செம்பாகிவிட்டன!

சிரிக்காதீர்கள். ஆடி மழை விட்ட ஒரு காலையில் என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். கறுத்துத் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு, புதுக் குடம் மாதிரிச் சிவப்பாக மின்னியதாம். கத்தி ஆளைக் கூட்டிவிட்டார். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மேலே பனி, கீழே தண்ணீர் இரைச்சல், நடுவில் அந்தச் சிவப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அண்ணா. கல்யாணத்தன்று கூட நான் அப்படிக் கைகூப்பவில்லை. தலைக் கங்காணி பெரியமுத்து மூப்பர் குலவையிடச் சொன்னார். கம்பிக்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தார்கள். என் மாமியார் வேலுத்தாய், "ஆத்தா செம்புக் கவசம் போட்டுக்கிட்டா, இனி இந்தப் பாலத்துக்கு அழிவே கெடையாது" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

புரட்டாசி இரண்டாம் செவ்வாய் இங்கே முதல் பறிப்புப் படையல். அந்த வருஷத்து முதல் ஏலப்பழத்தைத் தாம்பாளத்தில் வைத்து, லயத்து ஆட்கள் மொத்தமும் ஒன்றாகப் பாலத்தைக் கடந்து கோயிலுக்குப் போவார்கள். இந்த வருஷம் தாம்பாளம் என் கையில். கம்பியை முதலில் பார்த்தவரின் பெண்டாட்டி என்பதால். வந்த நாளிலிருந்து என்னைக் 'கோயம்புத்தூர்க்காரி' என்று தள்ளி வைத்தே பேசிய சனம் இது. இப்போது பேர் சொல்லிக் கூப்பிடுகிறது.

உங்களுக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லிவிட்டேன்.

கமலாத்தாள்


வடகரப்பதி
31.8.1974

கமலாத்தாளுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி பிடுங்கி மூன்று தரம் படித்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து, பிறகுதான் என் கையில் கொடுத்தாள்.

நான் பத்து வருஷமாகக் கோயம்புத்தூர் மோட்டார் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறேன். அது துருப்பிடிக்கும், வளையும், வெடிக்கும். செம்பாகாது. உன் டிரைவர் கைவசம் லாரிக்கு அடிக்கிற பெயிண்ட் மிச்சம் இருந்திருக்கும். நம் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளிலேயே பார்த்தேன், வாய் வித்தைக்காரன். உனக்கு மரியாதை கிடைத்ததில் எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனால் எங்கே கிடைத்தால் என்ன என்று கண்ட இடத்தில் கைகூப்பாதே.

இதோடு முடித்திருப்பேன். ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது. பட்டறையில் இரும்புத் தகட்டில் கோடு போட வேண்டுமென்றால், மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சுப் பூசுவோம். பூசினதும் தகடு சிவந்துவிடும். அதன்மேல் கீறினால் கோடு பளிச்சென்று தெரியும். தினமும் செய்கிற வேலை. ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. உன் கம்பிக்குப் பக்கத்தில் மயில்துத்தம் ஏதாவது இருக்கிறதா? அதன்மேல் என்ன தண்ணீர் விழுகிறது, என்ன நிறம்? பார்த்து எழுது.

உன் கதையைப் பொய்யாக்குவதற்காகவே ஒரு வாளியில் துத்தத்தைக் கரைத்து, பழைய போல்ட் ஒன்றைப் போட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

செவலைக் காளையை விற்றாயிற்று.

ரத்தினசாமி


சாந்தன்பாறை
6.9.1974

அண்ணாவுக்கு,

பெயிண்ட் என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால், அன்றைக்கு உங்கள் முன்னால் வந்து நின்று, "எனக்கு நெலம் நீச்சு ஒண்ணுமில்லீங்க, லாரி கூட மொதலாளியோடது" என்று சொல்லியிருப்பாரா? கோபத்தில் உங்களுக்குப் பதிலே போடவேண்டாம் என்றிருந்தேன்.

ஆனால் நீங்கள் கேட்டதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கம்பிக்கு நேர் மேலே மேட்டில் மருந்து ஷெட். ஏலத்தில் அழுகல் விழாமல் இருக்கத் தெளிக்கிற துருசு மூட்டைகளை அங்கேதான் அடுக்குகிறார்கள். நீங்கள் மயில்துத்தம் என்பதும் அதுதான். ஆனி மழையில் கூரை ஒழுகி அடி மூட்டைகள் நனைந்து கிடக்கின்றன. அங்கிருந்து சுவரோரமாக நீலத் தண்ணீர் கசிந்து வருகிறது. கல்லில் நீலக் கோடு விழுந்திருக்கிறது. அது வந்து சொட்டுகிற இடம் அந்த இரண்டு கம்பி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே துருசையும் சுண்ணாம்பையும் மரத் தொட்டியில் கலக்கியதும், பெரியமுத்து மூப்பர் கத்தியை எடுத்து அதில் முக்குவார். கத்தி சிவந்தால், "இன்னும் சுண்ணாம்பு போடுங்கப்பா, இல பொசுங்கிரும்" என்பார். சிவக்காவிட்டால் தெளிக்கலாம். ஒவ்வொரு கலப்புக்கும் அப்படித்தான். நானே எத்தனையோ தரம் அந்தக் கத்தியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று கத்தியையும் பார்த்தேன், கம்பியையும் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே சிவப்பு. நாங்கள் அத்தனை பேரும் தினம் கையில் பிடித்துத் துடைத்துப் போடுகிற சிவப்பைத்தான் அங்கே போய்க் கும்பிட்டிருக்கிறோம். கத்தி என்றால் மருந்து, கம்பி என்றால் ஆத்தா. யாருக்கும் தோன்றவில்லையே!

தெரிந்த பிறகும் எனக்கு அந்தப் பிரமிப்புக் குறையவில்லை, அண்ணா. நீலத் தண்ணீருக்குள் சிவப்புச் செம்பு எங்கே ஒளிந்திருக்கிறது? இரும்பைக் கண்டதும் மட்டும் எப்படி வெளியே வருகிறது? இதையும் ஒரு தெய்வம் செய்யாமல் யார் செய்வது என்றுதான் படுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செம்பு மேலே போர்த்திக்கொண்டால் இரும்புக்கு நல்லதுதானே? துருப்பிடிக்காதல்லவா? மாமியார் சொல்வது அந்த அளவுக்காவது சரிதானே?

கமலாத்தாள்


வடகரப்பதி
12.9.1974

கமலா,

கடிதம் கண்டதும் எழுதுகிறேன். முதலில் இதைப் படி: அந்தப் பாலத்தில் கூட்டமாக யாரும் ஏறக்கூடாது. நீ ஏறவே ஏறாதே.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். போல்ட் போட்டுவைத்தேன் என்றேனே, அந்த வாளி உன் அண்ணியின் துத்தநாக வாளி. சில நாளில் வாளியின் பூச்சு போய், அடி பொத்தல் விழுந்து, தண்ணீர் கொட்டகைத் தரையில் ஓடிவிட்டது. "வெளையாடறதுக்கு எம்பட வாளிதான் கெடச்சுதுங்ளா?" என்று அவள் போட்ட சத்தம் வேலந்தாவளம் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு மண்சட்டியில் கரைத்து வைத்தேன். சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் அதன் முன்னால் குந்திக்கொள்கிறேன். மாடு கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது.

முதலில் போல்ட் சிவந்தது. நீ எழுதின மாதிரியே, புதுக் குடம் போல. எனக்கும் கை கூப்பத்தான் தோன்றியது, யாரிடமும் சொல்லாதே. அப்புறம் சிவப்பு தடித்துச் சேறு மாதிரி தொங்கியது. தண்ணீரின் நீலம் வெளிறி, பாசிப்பச்சை ஆனது. இரும்பு போனால்தான் அந்தப் பச்சை வரும் என்று பட்டறையில் அமிலத் தொட்டி பார்க்கிற ஏசுரத்தினம் சொன்னார். நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போல்ட்டை எடுத்தேன். வடிவம் அப்படியே இருந்தது. விரலால் வழித்தேன், செம்பு சேறாக வந்தது. உள்ளே மரை ஒன்றுகூட இல்லை. சுண்டுவிரல் கனமிருந்த போல்ட் குச்சி மாதிரி நின்றது. கையாலேயே வளைத்தேன்.

கமலா, செம்பு இரும்பின்மேல் போர்த்திக்கொள்ளவில்லை. ஒரு பொட்டுச் செம்பு வந்து உட்காரவேண்டுமென்றால், அந்த இடத்து இரும்பு கரைந்து தண்ணீருக்குப் போகவேண்டும். இது ஏற ஏற அது இறங்குகிறது. கத்தியை உடனே துடைத்துவிடுகிறீர்கள், அதனால் தெரியவில்லை. கம்பியை மூன்று மாசமாக யாரும் துடைக்கவில்லை. மஞ்சள் துணி வேறு சுற்றியிருக்கிறீர்கள். அது ஈரத்தை அங்கேயே பிடித்து வைத்திருக்கும்.

அது இரும்போடு நிற்கவில்லை. வாளித் தண்ணீர் ஓடின இடத்தில் சிமெண்ட் தரை ஊதிப் பொருமி, குடைக்கம்பியால் குத்தினால் பொடியாக வருகிறது. உன் சிமெண்ட் கட்டையும் அந்தக் கதியில்தான் இருக்கும். மரத்தையும் கருங்கல்லையும் மண்சட்டியையும் தொடாத தண்ணீர், இரும்பையும் துத்தநாகத்தையும் சிமெண்டையும் தின்கிறது. இத்தனை வருஷம் இந்தத் துத்தத்தை விரலால் தொட்டு இரும்பில் பூசியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு பசி இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நட்டுக்குப் பக்கத்தில் கத்தியால் நன்றாகச் சுரண்டிப் பார்க்கச் சொல். சிவப்புக்குக் கீழே வெள்ளையாக இரும்பு மின்னினால் பிழைத்தீர்கள். கறுப்புச் சேறு வந்தால் அது கம்பியே இல்லை. உன் வீட்டுக்காரரிடம் சொல். எஸ்டேட் துரையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

நானே வந்து சொல்லலாம். வந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். அன்றைக்கு அவரை என்னவெல்லாம் பேசினேன் என்பது உனக்குத் தெரியும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்
ரத்தினசாமி


சாந்தன்பாறை
17.9.1974

அண்ணாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை.

துரை கொச்சிக்குப் போயிருக்கிறார், படையல் முடிந்துதான் வருவார். ஆபீஸ் கிளார்க் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற இன்ஜினீயர் வரட்டும் என்றார். பெரியமுத்து மூப்பர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கத்தி கத்திதாத்தா, ஆத்தா ஆத்தாதான். ரெண்டையும் ஒண்ணாச் சேக்காத" என்றார். மாமியார் என் பக்கம் திரும்புவதே இல்லை.

என் வீட்டுக்காரரைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ராத்திரிச் சோறு அப்படியே இருக்கிறது. "நான் பாத்ததப் பொய்யிங்கிறியா? ஒங்க அண்ணன் அன்னைக்கு ஒங்க வாசல்ல வச்சு என்னய நாலு பேரு முன்னால கேவலப்படுத்துனாரு. இப்ப இங்க வந்து படுத்தணுமாக்கும்?" என்று கேட்டார். இந்த எஸ்டேட்டில் அவரை ஒரு டிரைவர் என்பதற்கு மேல் யாரும் மதித்ததில்லை. அந்தக் கம்பியைப் பார்த்த நாளிலிருந்துதான் ஸ்டோர் ஆட்கள் கூட அவரை உட்காரச் சொல்கிறார்கள். அதைத்தான் நான் சுரண்டப் போகிறேன்.

யாரும் சுரண்ட மாட்டார்கள், அண்ணா. அம்மன் மேனியில் கத்தி வைக்கிறதா என்று நினைத்தாலே நடுங்குகிறார்கள். வைத்தால் நான்தான் வைக்கவேண்டும். எனக்கும் பயம்தான். கீழே நல்ல இரும்பு இருந்துவிட்டால்? வெளியூர்க்காரி வந்து ஆத்தாவைக் கீறிவிட்டாள் என்று ஆகும். அப்புறம் இந்த லயத்தில் எனக்கு இடம் கிடையாது. அவர் என்னை வைத்துக்கொண்டாலும் அவர் ஆட்கள் விடமாட்டார்கள்.

பேசாமல் இருந்துவிட்டாலோ, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உட்பட அத்தனை பேரும் என் பின்னாலேயே பாலத்தில் ஏறுவார்கள்.

அதனால் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நான் இங்கிருந்து வெளியே வரவேண்டி வந்தால், நம் ஊட்டுக் கதவு எனக்குத் திறக்குமா?

கமலா


வடகரப்பதி
21.9.1974
எக்ஸ்பிரஸ்

கமலா,

திறந்தே இருக்கிறது. உன் அண்ணி கதவையே கழற்றி வைத்துவிடுகிறேன் என்கிறாள்.

சுரண்டு. கீழே நல்ல இரும்பாக இருந்தால் தப்பு என்னுடையது, அதை அங்கே வந்து அத்தனை பேர் முன்னாலும் நான் சொல்கிறேன்.

அண்ணன்


சாந்தன்பாறை
30.9.1974

அண்ணாவுக்கு,

உங்கள் எக்ஸ்பிரஸ் கடிதம் படையலுக்கு மறுநாள்தான் கைக்கு வந்தது. மலைரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். ஆகவே நடந்தது எதுவும் நீங்கள் சொல்லி நடக்கவில்லை. கதவு திறக்குமா திறக்காதா என்று தெரியாமலேதான் நான் செய்தேன்.

படையலன்று ரோட்டில் பூசைச் சாமானை இறக்கிவைக்கிறேன் என்று சொல்லி, ஆள் கூடுவதற்கு முன் தனியாகப் பாலத்தைக் கடந்தேன். ஒவ்வொரு பலகைக்கும் உங்களை நினைத்துக்கொண்டேன். கம்பியிடம் போய் மஞ்சள் துணியை அவிழ்த்தேன். கும்பிட்டேன். மனசார மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மருந்துக் கத்தியை வைத்தேன்.

அக்கரையில் கூட்டம் வந்துவிட்டது. அம்மன் கரகத்தைத் தலையில் வைத்து அவர் முன்னால் வந்தார். நான் கத்தியும் கையுமாக நிற்பதைப் பார்த்து மாமியார் வைத்த ஓலம் ஆற்றுச் சத்தத்தை மீறிக் கேட்டது. கரகத்தை மூப்பரிடம் கொடுத்துவிட்டு அவர் ஒற்றை ஆளாகப் பாலத்தில் ஓடி வந்தார். வராதீங்க, வராதீங்க என்று நான் கத்தினேன். பாலம் ஆடிய ஆட்டத்தில் எனக்கு உயிரே இல்லை. வந்தவர் என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுரண்டின இடத்தில் சிவப்பு உரிந்து தொங்கியது. உள்ளே கறுப்புச் சேறு. அவர் எத்தனை நட்டைப் பார்த்திருப்பார், எத்தனை வண்டிக்கடியில் படுத்திருப்பார். மெதுவாக இரண்டு விரலால் நட்டைத் தொட்டார். அது பிட்டு மாதிரி உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே மிச்சமிருந்த கம்பி, சமையலறைக் கரண்டிக் காம்பு அளவுக்கு இருந்தது. இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் அதில் தொங்கிக்கொண்டு போய் வந்திருக்கிறோம்.

அவர் என்னைக் கரையில் நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அக்கரைக்கு நடந்துபோய் அந்த உதிர்ந்த நட்டை மூப்பர் கையில் வைத்தார். அங்கிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் பாத்தது நெசம். ஆனா அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியல. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொன்னார். அண்ணா, எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுதும்போதும் வருகிறது. தனக்குக் கிடைத்த ஒரே பெருமையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு கரகத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். மூப்பர் குழந்தைகளை ஆளுக்கொன்றாகத் தோளில் ஏற்றச் சொன்னார். அத்தனை பேரும் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து வந்தார்கள். தாம்பாளத்தை மாமியாரே தூக்கி வந்து என் கையில் கொடுத்தார்.

பாலம் வியாழக்கிழமை விழுந்தது. காற்று இல்லை, மழை இல்லை, அதன்மேல் ஒரு காக்கை கூட இல்லை. பட்டப்பகலில், நாங்கள் லயத்து வாசலில் ஏலப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு 'டங்' என்ற சத்தம். திரும்பினால் ஒரு வடம் பாம்பு மாதிரி எழும்பி ஆற்றுக்குள் போகிறது. பலகைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவசரமே இல்லாமல் விழுந்தது. சிமெண்ட் கட்டை இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி பறந்து அடங்கியது. வேலை அத்தனையும் நின்று, நூறு கையும் அப்படியே கூப்பிக்கொண்டன. என் கையும்தான். கத்தியை வைத்தவள் என்றாலும் எனக்கும் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

"ஆத்தா செவந்து செவந்து காட்டியிருக்கா, நாமதான் கவசம்னு நெனச்சுட்டோம்" என்று மூப்பர் இப்போது சொல்கிறார். நீங்கள் எழுதினதையும் நான் அவருக்குச் சொன்னேன், இரும்பு போவதும் செம்பு வருவதும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆத்தா வேறெப்படிச் செய்வாள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். துருசு மூட்டைகளை இப்போது உயரத்தில் மரப் பரண் கட்டி ஏற்றிவிட்டார்கள்.

உங்கள் எக்ஸ்பிரஸ் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். தப்பு என்றால் வந்து சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, "சரியா இருந்தா வரமாட்டாராமா?" என்று கேட்டார்.

வாருங்கள் அண்ணா, அண்ணியையும் கூட்டிக்கொண்டு. பஸ் கோயில் வரைக்கும் வரும். புதுப் பாலம் தை மாசத்துக்குள் வராது, ஆற்றில் இறங்கித்தான் நடக்கவேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு மேலே, பாறை வழுக்கும், பழக்கமில்லாதவர்கள் தனியாக வர முடியாது. நீங்கள் வருகிற நாளை எழுதுங்கள். அவர் வந்து தண்ணீரில் நிற்கிறேன் என்கிறார். கையை நீட்டுவார், பிடித்துக்கொள்ளுங்கள்.

கமலாத்தாள்